ராத்திரி கால் குடைச்சலோடு குடித்தனம்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டுப் பக்கம் பெரியவர்கள் இருக்கிற வீட்டில், ராத்திரி சாப்பாடு முடிந்து பாயைப் போட்டதும் ஒரு குரல் கேட்கும்: “அப்பு, கெண்டைக்கால்ல ஏறிச் செத்த நேரம் மிதிச்சு விடு.” பேரன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆயாவின் காலில் ஏறி நிற்பான். இறங்கிய கொஞ்ச நேரத்தில் மறுபடி குடைச்சல் தொடங்கிவிடும். வாய்வு, வயசு, வேலை அலுப்பு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எல்லாருக்கும் இல்லாவிட்டாலும் அவர்களில் சிலருக்காவது இருந்தது ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோமாகத்தான் இருந்திருக்கும். சுருக்கமாக ஆர்.எல்.எஸ். என்பார்கள். குடும்பத்தில் இறங்கி வருகிற சங்கதி இது. அம்மாவுக்கோ அண்ணனுக்கோ இருந்தால் உங்களுக்கும் வரும் வாய்ப்பு அதிகம்.

ஒன்றும் புது வியாதி இல்லை. 17-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1945-இல் சுவீடனைச் சேர்ந்த கார்ல்-ஆக்செல் எக்போம் விரிவாக ஆராய்ந்து இப்போதைய பெயரை வைத்தார். உங்கள் டாக்டர் சீட்டில் ‘வில்லிஸ்-எக்போம் நோய்’ என்று இருந்தால் மிரள வேண்டாம், அதுவும் இதுதான்.

தெரிவது காலில். கோளாறு இருப்பது மூளையில். மூளையின் சில பகுதிகளுக்கு இரும்புச்சத்து போதாமல் போவதும், அசைவைக் கட்டுப்படுத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலை ஒழுங்கு தவறுவதும்தான் இதற்கு அடிப்படை என்பது இப்போதைய புரிதல். அதனால்தான் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. எத்தனை தைலம் தேய்த்தாலும் அன்றைக்கு ராத்திரியோடு சரி.

முதலில், இதுதானா என்று பாருங்கள்

நாலு அடையாளம் இருக்கிறது. காலை அசைத்தே ஆக வேண்டும் என்று ஒரு உந்துதல், பெரும்பாலும் உள்ளே குடைவது, ஊர்வது, நமநமப்பது, இழுப்பது மாதிரி ஓர் உணர்வோடு. உட்கார்ந்தாலோ படுத்தாலோ அது தொடங்கும் அல்லது கூடும். எழுந்து நடந்தால், நீட்டி மடக்கினால், அசைக்கிற வரைக்குமாவது குறையும். பகலைவிடச் சாயங்காலமும் ராத்திரியும் அதிகம். இந்த நாலும் சேர்ந்து இருந்து, வேறு காரணமும் இல்லை என்று தெரிந்தால்தான் ஆர்.எல்.எஸ். இதை உறுதி செய்ய ஸ்கேன் கிடையாது. நீங்கள் சொல்லும் கதையை வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்வார்.

இதோடு குழப்பிக்கொள்ளும் சங்கதிகள் நிறைய. நடு ராத்திரியில் ஆடுசதை கல்லாகச் சுருட்டிப் பிடித்து உயிர் போனால் அது தசைப்பிடிப்பு, வேறு விஷயம். சர்க்கரை உள்ளவர்களுக்கு உள்ளங்கால் எரிச்சலும் மரத்துப்போவதும் இருக்கும். நடந்தாலும் அது போகாது. இரண்டும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தும் வரலாம். நடந்தால் வலி கூடி, நின்றால் குறைகிறது என்றால் ரத்தக் குழாயைப் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து இருந்தால் இந்தக் கட்டுரையை அப்புறம் படியுங்கள். ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

இன்னொரு அடையாளம் உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவருக்குத் தெரியும். ஆர்.எல்.எஸ். உள்ளவர்களில் பெரும்பாலோருக்குத் தூங்கும்போது கால் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை போலச் சுண்டிச் சுண்டி இழுக்கும். வீட்டுக்காரரையோ வீட்டுக்காரம்மாவையோ கேளுங்கள். “ராத்திரி பூரா உதை வாங்குறேன்” என்று பதில் வந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டாக்டரிடம் என்ன சொல்வது

“கால் வலிக்குது” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தால் வலி மாத்திரையும் கால்சியமும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். குறை அவர்கள் பேரில் மட்டும் இல்லை. வெளியே இருபது பேர் காத்திருக்கும்போது, வலி என்றால் வலிக்குத்தான் மருந்து. “உட்கார்ந்தா, படுத்தா காலை அசைக்கணும்போல இருக்கு, நடந்தா சரியாகுது, ராத்திரிதான் ஜாஸ்தி” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்தில் வேண்டியது எல்லாம் இருக்கிறது.

போவதற்கு முன் ஒரு வாரம் மட்டும் ஒரு பழைய டைரியில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், அன்றைக்கு என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள். மாத்திரை அட்டைகளைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள், பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பல் டாக்டர் கொடுத்தது, மெடிக்கலில் கேட்டு வாங்கிய சளி மாத்திரை எல்லாம் கணக்கில் வரும்.

எடுத்தவுடன் நரம்பு டாக்டரைத் தேடி மதுரைக்கோ திருச்சிக்கோ ஓட வேண்டாம். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்க முடியும். அதில் வழி பிறக்காவிட்டால் பெரிய மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போகலாம். மதுரை இராஜாஜி அரசு மருத்துவமனையில் அந்தப் பிரிவு உண்டு.

பெரிட்டின்: இதை மட்டும் விடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளப்போகிறீர்கள் என்றால் அது இந்தப் பெயராக இருக்கட்டும். ஹீமோகுளோபின் என்பது ரத்தத்தில் ஓடும் இரும்பின் கணக்கு. பெரிட்டின் என்பது உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் கணக்கு. கையில் செலவுக்குக் காசு இருக்கும், பெட்டகத்தில் ஒன்றும் இருக்காது என்கிற நிலைமை உடம்புக்கும் உண்டு. ஹீமோகுளோபின் 13 இருக்கும், பெரிட்டின் 18 இருக்கும். “ரத்தமெல்லாம் நல்லா இருக்கு” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கால் மட்டும் குடைந்துகொண்டே இருக்கும்.

லேப் ரிப்போர்ட்டில் இன்னொரு வில்லங்கம். பெண்களுக்குப் பெரிட்டின் பத்துப் பதினைந்துக்கு மேல் இருந்தாலே நார்மல் என்று பல லேப்களில் அச்சாகியிருக்கும். பொதுவான ஆட்களுக்கு அது சரியாக இருக்கலாம். ஆர்.எல்.எஸ். உள்ள பெரியவர்களுக்குக் கணக்கு வேறு: பெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, டிரான்ஸ்பெரின் சாச்சுரேஷன் என்ற இன்னொரு அளவு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்பதுதான் தூக்க மருத்துவர்கள் இப்போது பின்பற்றும் வழிமுறை. ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இல்லை என்பதற்காக அந்த எண்ணைத் தாண்டிப் போகாதீர்கள். டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: “ஆர்.எல்.எஸ்.சுக்கு இது போதுமா சார்?”

பரிசோதனைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு போங்கள். ஏற்கெனவே இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதல் நாளே நிறுத்திவிட வேண்டும். காய்ச்சலோ உடம்பில் எங்காவது அழற்சியோ இருக்கும்போது எடுத்தால் பெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். அதனால் உடம்பு தேறிய பிறகு எடுப்பது நல்லது.

குறைவு என்று தெரிந்தால், ஏன் குறைந்தது என்றும் பார்க்க வேண்டும். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா, மூலமா, வயிற்றில் புண்ணா, அடிக்கடி ரத்ததானம் செய்கிறவரா? நாற்பது ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆணுக்கு இரும்பு குறைந்தால் குடலைப் பார்க்காமல் மாத்திரை மட்டும் சாப்பிடுவது ஆபத்து.

மாத்திரை எழுதிக் கொடுத்தால் சாப்பிடும் முறையில்தான் பாதி பலன். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எல்லாம் இரும்பை உடம்பில் ஏறவிடாமல் தடுக்கும். முன்னும் பின்னும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் நன்றாக ஏறும். வயிற்றைப் புரட்டினால், மலச்சிக்கல் வந்தால், ஒன்றுவிட்டு ஒரு நாள் சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். பலருக்கு அது ஒத்துப்போகும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். மூன்று மாதம் கழித்துப் பெரிட்டினை மறுபடி பார்க்க வேண்டும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், ஏறாதவர்களுக்கும் இரும்பை ஊசி மூலம் ரத்தக் குழாயில் ஏற்றும் வழி இருக்கிறது. அதை மருத்துவமனையில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும்.

பரிசோதிக்காமல் நீங்களாக இரும்பு மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். சிலருக்கு இரும்பு ஏற்கெனவே அதிகமாகச் சேர்ந்திருக்கும், அவர்களுக்கு அது கல்லீரலைக் கெடுக்கும்.

சாப்பாட்டில் என்றால், நம் பக்கத்துக் கறிக்கடைகளில் சுவரொட்டிக்கு எப்போதும் கிராக்கி உண்டு. ஆட்டின் மண்ணீரலான அதில் இரும்பு உண்மையிலேயே அதிகம். சைவக்காரர்களுக்குக் கீரை, பயறு, எள். ஆனால் வெறுமையாகிவிட்ட சேமிப்பைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்புவது கஷ்டம். சுவரொட்டி சாப்பிடுகிறேன், மாத்திரை வேண்டாம் என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும். இரண்டும் வேண்டும்.

மாத்திரைப் பெட்டியைக் கொட்டிப் பாருங்கள்

கால் குடைச்சலைக் கூட்டும் மருந்துகள் பல வீட்டு அலமாரியிலேயே இருக்கின்றன. சளிக்கும் அரிப்புக்கும் சாப்பிடும், தூக்கம் வரவைக்கிற பழைய ரக அலர்ஜி மாத்திரைகள் முதல் எதிரி: குளோர்பெனிரமின், பெனிரமின், டைபென்ஹைட்ரமின், புரோமெதசைன். தூக்கம் வரவில்லை என்று இதைப் போட்டுக்கொண்டு, ராத்திரி முழுக்க வளவை, அதாவது வீட்டு நடு முற்றத்தை, சுற்றிவருகிறவர்கள் உண்டு. அலர்ஜிக்கு மருந்து அவசியம் என்றால் பெக்சோபெனடின் போன்ற தூக்கம் தராத ரகம் கிடைக்குமா என்று கேளுங்கள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின் இரண்டும் அப்படித்தான். டோம்பெரிடோன் பொதுவாக இந்தத் தொல்லையைத் தருவதில்லை.

மன அழுத்தத்துக்கான மருந்துகளிலும் பல இதைக் கூட்டும். ஆனால் அவற்றை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் காலைப் பற்றிச் சொல்லுங்கள், மாற்று இருக்கிறதா என்று அவர் பார்ப்பார்.

சாராயம், பீர், சிகரெட்: மூன்றும் பலருக்குக் கூட்டும். குடித்தால் தூக்கம் வரும் என்பார்கள். வரும், இரண்டு மணிக்குக் கால் எழுப்பியும் விடும்.

சாயங்காலத்தை மாற்றி அமைப்பது

காலையில் எழுந்ததும் கால் அமைதியாக இருக்கும், பொழுது சாயச் சாயத்தான் ஆட்டம். ஆகவே உட்கார்ந்து செய்யும் வேலைகளைக் காலையிலும், நடமாட்டமுள்ள வேலைகளைச் சாயங்காலத்திலும் வையுங்கள். வங்கி, கணக்கு வழக்கு, தையல் எல்லாம் மத்தியானத்துக்கு முன்பே முடிந்துவிடட்டும். கடைக்குப் போவது, துணி மடிப்பது, செடிக்குத் தண்ணீர் விடுவது ஆறு மணிக்கு மேல்.

காபியை அடியோடு விடச் சொன்னால் நம் ஊரில் யார் கேட்பார்கள்? இடைப்பலகாரத்தோடு வரும் நாலு மணிக் காபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் அதையும் விட்டுப் பார்த்து, வித்தியாசம் இல்லையென்றால் மறுபடி குடியுங்கள். காபி எல்லாருக்கும் கெடுதல் செய்வதில்லை.

தினமும் அரை மணி நேர நடை நல்லது. ஆனால் அளவாக. வருஷம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டுத் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடக்கத் தொடங்கினால், நடக்கும்போது ஒன்றும் தெரியாது. தங்குகிற இடத்தில் படுத்ததும் கால் பழி தீர்த்துக்கொள்ளும். பாதயாத்திரை போக நினைத்தால் இரண்டு மாதம் முன்பிருந்தே நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வாருங்கள். படுக்கும் முன் ஆடுசதையை நீட்டுங்கள்: தூணில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாயவும். சதை இழுபடுவது தெரியும் வரை நில்லுங்கள், அப்புறம் மற்றக் கால்.

படுத்தபின் தொடங்கிவிட்டால்? பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காதீர்கள். எழுந்துவிடுங்கள். பழைய வீடு இருக்கிறவர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள்: முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் நடக்கலாம், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி வெறுங்காலுக்கு இதமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலைப்படி இருக்கிறது. அரைத் தூக்கத்தில் அதில் இடித்துக்கொண்டால் கால் விரல் போய்விடும். மழை பெய்த ராத்திரியில் வளவு ஓரத்துக் கல் வழுக்கும். நடக்கிற பாதையில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். வாடகை போர்ஷனில் இருப்பவர்களுக்கு மொட்டை மாடியோ வராந்தாவோ போதும்.

சிலருக்குச் சூடான ஒத்தடம் கேட்கும், சிலருக்குக் குளிர்ந்த தண்ணீர். முயன்று பார்த்துத்தான் சொல்ல முடியும். தேய்த்து விடுவது பலருக்கு அந்த நேரத்துக்கு உதவும். பழைய சேலைத் துணியை முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டும் பழக்கம் உண்டு. கால் மரத்துப்போகிற அளவுக்கு இறுக்காதீர்கள், கட்டியபடியே தூங்கவும் வேண்டாம்.

நடக்க முடியாத நேரத்தில் மூளைக்கு வேலை கொடுத்தால் கால் கொஞ்சம் அடங்கும். டிவி பார்ப்பது இதில் சேராது. கை, கவனம் இரண்டும் ஈடுபட வேண்டும். குறுக்கெழுத்து, சுடோகு, பல்லாங்குழி, பூக்கட்டுவது. எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி ராத்திரி பத்து மணிக்கு ஓலையை நனைத்து வைத்துக்கொண்டு கொட்டான் என்கிற ஓலைக்கூடை முடைய உட்காருவார். ஒரு வரிசை பின்னி முடிக்கும்வரை கால் ஞாபகமே வராது என்பார்.

பலருக்கு நல்ல தூக்கம் விடியற்காலையில்தான் கிடைக்கும். இங்கேதான் வீட்டில் சண்டை வரும். அஞ்சு மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டிய வீட்டில், ஏழு மணி வரை படுத்திருக்கும் மருமகளைப் பற்றி என்ன பேச்சு வரும் என்று சொல்லத் தேவையில்லை. டாக்டர் சீட்டைக் காட்டி, கோலத்தை வேறொருவர் போடும்படி பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அதுபோல, உட்கார்ந்துகொண்டு காலை ஆட்டினால் வீட்டுக்குத் தரித்திரம் என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். வாதம் செய்து ஜெயிக்க முடியாது. “நரம்புக் கோளாறு ஆயா, ஆட்டலைன்னா இன்னும் ஜாஸ்தியாகுது, மருந்து சாப்பிடுறேன்” என்று தன்மையாகச் சொன்னால் ரெண்டாம் தடவை விட்டுவிடுவார்கள்.

விசேஷமும் பயணமும்

கல்யாண வீட்டில் ராத்திரி ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்காருவது நமக்கு ஆகாது. பந்தி பரிமாறும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நடந்துகொண்டே இருக்கலாம், நல்ல பெயரும் கிடைக்கும். கோயில் கச்சேரிக்குப் போனால் கடைசியில் தூண் பக்கம் இடம் பிடியுங்கள்.

சென்னைக்கு ராத்திரி ஆம்னி பஸ்ஸில் ஸ்லீப்பர் எடுப்பதைப் போலத் தண்டனை வேறில்லை. நீட்டிப் படுத்தாயிற்று, எழுந்து நடக்க வழியில்லை. காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் பல்லவன் ரயிலில் போங்கள். கால் அமைதியாக இருக்கும் நேரம் அது, நடைபாதை ஓர இருக்கையாக இருந்தால் எழுந்து நடக்கவும் முடியும். ராத்திரிதான் போயாக வேண்டும் என்றால் ரயில்தான், அதிலும் கீழ்ப் படுக்கை.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு ஆர்.எல்.எஸ். அதிகம் வரும். நாலு மணி நேரம் அசையாமல் படுத்திருப்பது அவர்களுக்குப் பெரிய பாடு. காலை ஷிப்ட் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு இரும்பின் அளவைச் சிறுநீரக மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மருந்து என்று வந்தால்

இரும்பு சரியான பிறகும் வாரத்தில் பல ராத்திரி தூக்கம் கெடுகிறது என்றால் மருந்து வேண்டியிருக்கும். கபாபென்டின், பிரிகாபலின் இரண்டும் இப்போது முதலில் தரப்படுபவை. தலைசுற்றலும் மறுநாள் மந்தமும் வரலாம். வயதானவர்கள் ராத்திரி எழும்போது விழாமல் பார்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், மறக்காமல் சொல்லுங்கள்.

பிரமிபெக்சோல், ரோபினிரோல் என்ற மருந்துகளைப் பல வருஷமாக முதல் மருந்தாகக் கொடுத்து வந்தார்கள். ஆரம்பத்தில் மந்திரம் போட்ட மாதிரி கேட்கும். ஆனால் நாள்பட நாள்பட நோயையே கூட்டிவிடும் குணம் இவற்றுக்கு உண்டு: பத்து மணிக்குத் தொடங்கிய குடைச்சல் நாலு மணிக்கே தொடங்கும், கைக்கும் பரவும், மாத்திரையைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். இதனால் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2025-இல் வெளியிட்ட வழிமுறையில் இவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சிலருக்குச் சூதாட்டம், கண்மண் தெரியாமல் செலவழிப்பது போன்ற கட்டுப்படுத்த முடியாத ஆசைகளும் இவற்றால் வரும். வீட்டில் ஒருவருக்காவது இதைச் சொல்லி வையுங்கள், பாதிக்கப்பட்டவருக்கே அது தெரியாது. ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்படி சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும்.

மெக்னீசியம், கால்சியம், வாழைப்பழம் பற்றி நிறையப் பேர் சொல்வார்கள். ஆர்.எல்.எஸ்.சுக்கு அவை பெரிதாகக் கேட்பதாக நல்ல ஆதாரம் இல்லை.

கர்ப்பிணிகளும் பிள்ளைகளும்

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் புதிதாக இது வருவது சகஜம். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்களில் அடங்கிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதோடு, பெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வேறு எந்த மருந்தும் மகப்பேறு மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

பிள்ளைகள் சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தால் நெளிவது, கால் வலிக்கிறது என்பது, படுத்ததும் காலைப் பிடித்துவிடச் சொல்வது எல்லாவற்றையும் வளரும் வயசு வலி, சேட்டை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஆர்.எல்.எஸ். இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பிள்ளைகளுக்குப் பெரிட்டின் 50-க்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுப்பதைப் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் பேசலாம். அளவை எடை பார்த்து அவர் சொல்வார். உங்கள் மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். இரும்பு மாத்திரை அட்டையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத பரணிலோ பூட்டிய அலமாரியிலோ வையுங்கள். சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று நினைத்து நாலைந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, அப்படி நடந்தால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.